மோட்டார் நின்ற மூன்று நாள்

பத்தே கால் ஆனால் கோடு ஏற ஆரம்பித்துவிடும்.

காலை ஒன்பது மணிக்குக் கருவிகளைப் போட்டு, அரை மணி நேரம் அவை நிதானத்துக்கு வரக் காத்திருந்து, பிறகுதான் அளக்கத் தொடங்குவேன். கணினித் திரையில் கோடு நேராகப் போகும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, பத்தே கால் வாக்கில், அது மெதுவாகத் தலையைத் தூக்கும். பதினொன்றரை வரை ஏறும். அப்படியே மேலே நின்று, மதியம் மூன்று மணிக்கு மேல் சோம்பலாக இறங்கும். திங்கள் முதல் சனி வரை இதேதான். தை மாதம் நட்டுச் சித்திரையில் அறுக்கிற அந்த நவரைப் பட்டம் முழுக்க எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடப்பேன், வந்து திரையைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் கை தானாகக் கரும்பலகையில் அந்த ஏற்றத்தை வரைந்துவிடும். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுப் போகிற சாலையில், கழனிகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு மாணவி. நான் சொல்கிற இந்தச் சம்பவம் நடந்தபோது அது ஐந்தாவது வருடம். முதலாண்டு செய்முறைக் கூடத்தின் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்து எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே ஒரு மேசை, ஒரு கணினி, பல்கலைக்கழகம் கழித்துப்போட்ட ஒரு பழைய கருவி.

நான் அளந்துகொண்டிருந்தது ஒரு படலத்தை. சிலிக்கான் துண்டின் மேல் பூசிய சிலிக்காப் படலம். தலைமுடியை இருநூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் இருக்கும் அதன் கனம். பஞ்சு மாதிரி உள்ளே முழுக்கத் துளை. கணினிச் சில்லுகளுக்குள் கம்பிகளைப் பிரித்துவைக்க இப்படிப்பட்ட படலம் போடுகிறார்கள். அது எவ்வளவு சூட்டைக் கடத்தும், எவ்வளவு தடுக்கும் என்று தெரிந்தாக வேண்டும். இவ்வளவு மெல்லிய பொருளின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் படலத்தின் மேல் அலுமினியத்தில் மெல்லிய கோடு ஒன்றைப் படியவைத்து, அதில் மாறுமின்சாரம் விடுவோம். கோடு சூடாகும். அந்தச் சூடு படலத்தைத் தாண்டித்தான் கீழே இறங்க வேண்டும். படலம் நன்றாகக் கடத்தினால் கோடு சீக்கிரம் ஆறும், கடத்தாவிட்டால் சூடாகவே இருக்கும். கோடு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை, விட்ட மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கிற ஒரு சின்ன மின்னழுத்தம் சொல்லிவிடும். அந்தச் சின்னத் துடிப்பை மற்ற இரைச்சலிலிருந்து பிரித்துக் கேட்பதுதான் அந்தப் பழைய கருவியின் வேலை. அதிலிருந்து கணக்கிட்ட படலத்தின் கடத்துதிறனைத்தான் கணினித் திரையின் கோடு காட்டும்.

சென்னையில் வெற்றிடக் கலத்துக்குள் வைத்து அளந்தபோது ஓர் எண் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கே எனக்கு நேரம் கிடைக்கும். இங்கே என் மேசையில் அளந்தால் அதைவிடக் கூடுதலாக வந்தது, அதுவும் நேரத்துக்கு ஓர் எண். வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார்.

"ரெண்டு எண்ணும் ஒத்துப்போகணும்மா. போகலைன்னா ரெண்டையும் நம்ப முடியாது. அது கிராமத்து லைன். மின்சாரத்துல இரைச்சல் இருக்கும். அதைப் பாருங்க."

பார்த்தேன். கம்பிகளையெல்லாம் மாற்றினேன். செய்முறைக் கூட உதவியாளர் பெருநகர் என்கிற பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஐம்பது வயதுக்காரர். அவர் கட்டடத்துக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எனக்கென்று தனியாக எர்த் கம்பி இறக்கிக் கொடுத்தார். "இனிமே கொய்ந்த மாதிரி தூங்கும் மேடம்" என்றார். தூங்கவில்லை. பத்தே காலுக்கு எழுந்துகொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதுகூடத் தப்பு, அது எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆய்வகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கழனி. கழனி மூலையில் போர்வெல் மோட்டார். ஒன்பதரைக்கு மும்முனை மின்சாரம் வரும், பத்து மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்குகிற அந்த நொடியில் எங்கள் கூடத்து டியூப்லைட் ஒருமுறை மங்கி எழும். மூன்றரைக்கு மும்முனை போய்விடும், மோட்டாரும் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனேன். காலையிலேயே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்து, அளந்தேன். அன்றைக்குப் பார்த்து மும்முனை வரவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. ஒன்பதரையிலிருந்து இரண்டு மணி வரை கோடு ஓர் இழைகூடப் பிசகவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். அன்றைக்கும் மும்முனை இல்லை, அன்றைக்கும் கோடு நேர்.

எனக்கு அதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. மோட்டார்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்சார இரைச்சல் என்றால் கோடு மேலும் கீழும் நடுங்கும். என் கோடு நடுங்கவில்லை, ஏறியது. அமைதியாக, ஒரே பக்கமாக ஏறியது. இயற்பியல் படிக்கிற இரண்டாம் வருடப் பெண்ணுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். நான் அதைத் தினமும் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் மோட்டார்தான் என்றேன். அந்த மோட்டார் யாருடையது என்று எனக்குத் தெரியும். அதுதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கழனியில் என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் நடவு நட்டிருக்கிறார். நாங்கள் நிலம் இல்லாதவர்கள். நைனா லாரியில் மூட்டை ஏற்றப் போவார், அம்மா கழனி வேலைக்குப் போவார். பள்ளி விட்டதும் நான் அந்த வரப்பில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மோட்டார் ஓடுகிறவரைக்கும் அம்மா நிமிர மாட்டார். அந்தச் சத்தம் நிற்காதா நிற்காதா என்று அப்போது காத்துக்கிடந்திருக்கிறேன். கழனிக்குச் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், தானே நின்று பயிர் வைப்பவர். இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்லூரிச் சுவரைச் சுற்றிக்கொண்டு கழனிக்குப் போனேன். அவர் வரப்பில் குந்தி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்து எழுந்துகொண்டார்.

"வாங்க மேடம். காலேஜுலேர்ந்தா வரீங்க?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு எளிமையாகச் சொன்னேன். மெல்லிய படலம், அதில் சூடு, நுணுக்கமான அளவு, மோட்டார் ஓடினால் கலைந்துபோகிறது.

"எங்க மோட்டாரு இங்க ஓடுது. உங்க மிஷினு சொவுத்துக்கு அந்தாண்ட கீது. அத இது இன்னா பண்ணும்?"

"ரெண்டுக்கும் ஒரே லைன்லதான் கரண்ட் வருது."

அவர் யோசித்தார். "எந்த ஊரு நீங்க?"

ஊரைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்றார். சர்ச்சுத் தெரு என்றேன். அவர் என் முகத்தை மறுபடி பார்த்தார். அம்மாவின் ஜாடை எனக்கு அப்படியே உண்டு.

"நடவுக்கு வருவாளே, அவ மவளா நீ?"

"ஆமா."

நீங்க என்பது நீ ஆனது. வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன், வாய் தானாகத் தெரிந்த வழியில் போய்விட்டது. எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அதுவரைக்கும் தெரியவில்லை. என் அம்மா அவரை அம்மா என்பார். நான் எந்த விளியும் இல்லாமல் பேச்சை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

"காலைல பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நிறுத்தினாப் போதும். அஞ்சு நாள்."

"கதிரு தொண்டயில கீதும்மா. இன்னும் ஒரு வாரத்துல வெளிய வந்துடும். இப்பதான் தண்ணி நிக்கணும். அஞ்சு நாளு நிறுத்துன்னா எப்படி?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை, நான் வரப்பை விட்டு நகரவும் இல்லை. அவர் கழனியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"மூணு நாளு. திங்கள், செவ்வாய், பொதன். ஒரு மணிக்கு மேல போட்டுக்கிறேன். பள்ளத்துக் கயனிக்குப் போதும். மேட்டுக் கயனிக்குத் தண்ணி ஏறுமான்னு தெரியல, பாப்போம்."

நன்றி சொன்னேன். நான் திரும்பி நடக்கும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்.

"உங்கம்மா எங்க கயனில ஒரு நாத்தக்கூடச் சாச்சி நட்டதில்ல. அதுக்காவத்தான்."

என் படிப்புக்காக, என் வேலைக்காக, நான் அத்தனை விளக்கியதற்காகத்தான் ஒத்துக்கொண்டார் என்று ஐந்து நிமிடம் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"அவங்ககிட்ட போயி மோட்டார நிறுத்தச் சொன்னியா?"

"சும்மா கேக்கலம்மா. வேலைக்காகத்தான் கேட்டேன்."

"உன்னுது வேல. அது வேல இல்லியா?"

"மூணு நாள்தாம்மா. அதுவும் பாதி நேரம்."

"தொண்டப் பயிருக்குத் தண்ணி காட்டலன்னா கதிரு உள்ளயே வாடிப் பூடும். பாலு புடிக்காது, பதராப் பூடும். அந்த வரப்புல ஒக்காந்து வளந்தவ நீ, உனக்கு இது தெரியாதா?" கீரைத் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "அவங்க கயனில தண்ணிய நிறுத்தறதுக்கா உன்ன நான் படிக்க வச்சேன்?"

அந்தக் கேள்விக்கு எதிராக என்னிடம் ஒரு பதில் இருந்தது. இருபது வருடம் அந்தத் தண்ணீரில் நின்று நின்று அழுகிப்போன உன் கால்விரல்களைப் பார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கும் குழாயடிக்குமாக நடந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மோட்டார் ஓடவில்லை. பின்சுவருக்கு அப்பால் அப்படி ஓர் அமைதியை அந்தக் கூடத்தில் நான் கேட்டதே இல்லை. டியூப்லைட் மங்கவில்லை. எங்கோ ஒரு கொக்கு கத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

பத்து இருபதுக்குக் கோடு ஏறியது.

பத்து முப்பதுக்கு இன்னும் ஏறியது. வழக்கமான அதே சாய்வு, அதே நிதானம். பதினொன்றரைக்கு மேலே போய் நின்றுகொண்டது.

அந்த நிமிடமே நான் எழுந்து போயிருக்க வேண்டும். சுவரைச் சுற்றிப் போனால் ஐந்து நிமிடம். "காரணம் மோட்டார் இல்லை, போட்டுக்கோங்க" என்று சொல்ல ஒரு மூச்சு. கால் வாசல் வரைக்கும் போனது. வாசலில் நின்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கழனி மோட்டாராக இருக்கலாம். ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. மூன்று நாள் என்று பேசியாயிற்று, மூன்று நாளும் பார்த்தால்தான் முறை. எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருந்தன. ஒன்றைக்கூட நான் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமையும் ஏறியது. அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஒரு மணிக்கு மேல் மோட்டார் ஓடத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மும்முனை போய்விட்டது. வரவே இல்லை. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் மோட்டார் கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார், பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் தேங்கியிருந்ததை மேட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தார். போகவில்லை. நான் சன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

புதன்கிழமையும் ஏறியது.

வியாழக்கிழமை உதவியாளர் லீவு. மூத்த மகளுக்கு வளைகாப்பு, மூன்று நாள் வர மாட்டார். பத்து மணிக்கு மோட்டார் பழையபடி ஓடியது, டியூப்லைட் மங்கி எழுந்தது. நான் திரையைப் பார்க்கக்கூட விரும்பாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு நிமிர்ந்தால் கோடு நேராக இருந்தது. கருவிதான் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கும் நேர். மூன்று மணிக்குப் பிள்ளைகள் செய்முறைக்கு வந்து சன்னல்களைத் திறந்தபோதும் நேர். வெள்ளிக்கிழமையும் மோட்டார் ஓடியது, கோடு நேர்.

இத்தனை மாதம் எந்தக் கோட்டுக்காக ஏங்கினேனோ அதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் புதன் வரை இந்த அறையில் இருந்தது என்ன, வியாழனும் வெள்ளியும் இல்லாதது என்ன என்று எழுத ஆரம்பித்தேன். உதவியாளர் இல்லை என்று எழுதினேன். அவர் இல்லையென்றால் என்ன இல்லை? டீ இல்லை. பேச்சு இல்லை. எழுந்து நடந்தேன். கதவோரம் மாப்புக் குச்சி சாய்ந்திருந்தது. அதன் துணி காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

அதற்கு நான்தான் காரணம். சம்பா அறுவடை நேரத்தில் நெல் தூசி கூடத்துக்குள் வந்து படிகிறது, படலத்துக்குத் தூசி ஆகாது என்று, தினமும் பத்து மணிக்குத் தரையைத் துடைத்துவிட்டுச் சன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தேன். அறுவடை முடிந்தும் அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பலகைத் தடுப்புக்குள் நான் உட்கார்ந்திருப்பேன், வெளியே அவர் வழக்கம்போல் துடைத்துவிட்டுப் போவார். ஈரத் தரை, மூடிய அறை. ஈரம் எங்கே போகும்? பஞ்சு மாதிரி துளைத்துளையாக என் படலம் உட்கார்ந்திருக்கிறது. துளைக்குள் காற்று இருக்கிறவரை சூடு தடுமாறி இறங்கும், தண்ணீர் ஆவி புகுந்துகொண்டால் எளிதாக இறங்கும். மூன்று மணிக்குச் சன்னல் திறந்தால் ஈரம் போகும், கோடு இறங்கும். சென்னையில் வெற்றிடத்தில் ஈரமே இல்லை, அதனால்தான் அங்கே எண் குறைவு. ஞாயிற்றுக்கிழமை உதவியாளருக்கு விடுமுறை. மும்முனை வராத அந்த இரண்டு ஞாயிற்றிலும் தரையைத் துடைக்கவும் யாருமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே வாளியில் தண்ணீர் பிடித்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடம் முழுக்கத் துடைத்தேன். சன்னல்களைச் சாத்தினேன். பத்தே காலுக்குக் கோடு தலையைத் தூக்கியது. பார்த்துக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மதியம் கழனிக்குப் போனேன். அவர் மேட்டுக் கழனி வரப்பில் நின்று பயிரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அதற்குள் மறுபடி தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"அக்கா" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மோட்டார் காரணம் இல்லக்கா. ஈரம்."

"எந்த ஈரம்?"

"ரூம்பு தொடைக்கிற ஈரம். நான்தான் தெனமும் தொடைக்கச் சொல்லியிருந்தேன்."

அவர் பயிரிலிருந்து கையை எடுத்தார். "நீ தொடைக்கிற ஈரத்துக்கு நான் மோட்டார நிறுத்திக்கினு ஒக்காந்திருந்தனா?"

"ஆமா. அதுமட்டும் இல்ல. மோட்டார் இல்லன்னு எனக்குத் திங்கக்கெழமையே தெரிஞ்சிடுச்சி. வந்து சொல்லல."

"ஏன் சொல்லல?"

வழியில் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். மூன்று நாள் அளவு, உறுதிப்படுத்திக்கொள்வது, ஆய்வு முறை. அதை விட்டுவிட்டேன்.

"நான் சொல்லி அது நின்னுது. எனக்கு அது புடிச்சிருந்திச்சி."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். அவர் குனிந்து ஒரு பயிரின் தொண்டையை விரலால் நசுக்கிப் பார்த்தார், அடுத்ததை நசுக்கினார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"மோட்டார நிறுத்தினது தெரியும். இது தெரியாது."

"சொல்லிக்கினு இருக்காத. அவ சோறு துன்னமாட்டா."

அவ்வளவுதான் பேசினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டார்.

பேராசிரியரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன், கழனியைத் தவிர. அவர் சந்தோஷப்பட்டார். பிறகு, அறையின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காததால் அதுவரை என் மேசையில் எடுத்த அளவுகள் எதையும் பயன்படுத்த முடியாது, எட்டு மாத வேலையையும் முதலிலிருந்து செய்யுங்கள் என்றார். செய்தேன். லீவு முடிந்து வந்த உதவியாளரோடு சேர்ந்து ஒரு கண்ணாடிப் பெட்டி கட்டினேன். உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகளைத் தட்டில் பரப்பி, ஓரமெல்லாம் பசை அடைத்து, படலத்தை அதற்குள் வைத்து அளந்தேன். எண் சென்னை எண்ணோடு ஒத்துப்போனது. பிறகு ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, படலத்தின் கடத்துதிறன் எப்படி மாறுகிறது என்றும் அளந்தேன். ஆய்வேட்டில் அது தனி அத்தியாயம் ஆனது. தரையைத் துடைக்க வேண்டாம் என்று உதவியாளரிடம் சொன்னபோது, "அப்ப இத்தினி நாளா நான்தான் கெடுத்துக்கினு இருந்தனா மேடம்?" என்று முகம் வாடிக் கேட்டார். நீங்கள் இல்லை, நான்தான் என்று அவரிடம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் அறுவடை. மிஷின் வந்து அறுத்தது. பள்ளத்துக் கழனியில் நல்ல மகசூல், மேட்டுக் கழனியில் முக்கால்வாசி பதர். சாலையில் கொட்டிக் காயவைத்திருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து ஊதினேன், கையில் நான்கைந்து மணிதான் நின்றது. அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"நாவாய்ப் பூச்சி" என்றார். "இந்த வருசம் எல்லார் கயனிலயும் உண்டு."

அது நிஜம். கதிரின் பாலை உறிஞ்சிப் பதராக்குகிற அந்தப் பூச்சி பக்கத்துக் கழனிகளிலும் விழுந்திருந்தது. அங்கேயெல்லாம் போய்க் கதிர் கதிராக உருவிப் பார்த்தேன். அங்கே பதர் குறைவு. ஆனால் அவை மேட்டுக் கழனிகள் இல்லை, மண்ணும் வேறு. அதே மண், அதே விதை, அதே பூச்சி, தண்ணீர் மட்டும் நிறுத்தப்படாத இன்னொரு கழனி இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அப்படி ஒன்று கிடையாது. ஈரம்தான் காரணம் என்று என் அறையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து நிரூபிக்க முடிந்தது. இங்கே எதை வைத்து நிரூபிப்பது? பூச்சி என்று அவர் சொன்னதை நம்பிவிட்டால் நிம்மதி. நம்புவதற்காகவே சொன்னார் என்றும் தோன்றியது.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்ததும், திங்கட்கிழமையே தெரிந்தது, போய்ச் சொல்லவில்லை என்பதைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. புடவை மாற்றப் போனவர் மாற்றாமலே வெளியே வந்தார். அன்று மதியம் சாப்பிட்டார், ராத்திரியும் சாப்பிட்டார். அவரைத் தெரியும் என்று நினைத்திருந்த நானும் கழனிக்காரரும் ஏமாந்துபோனோம். மறுநாள் காலை, மூட்டு வலியோடு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மதியம் திரும்பி வந்து, கால் வலிக்கிறது, வெந்நீர் வை என்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று அம்மாவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒருமுறை பரங்கிக்காய் வந்தது. அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் வாய்மொழித் தேர்வு. சென்னையில், குளிரூட்டிய ஓர் அறையில், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் அந்த மூன்று நாள் வரைபடத்தையும் சேர்த்திருந்தேன். படத்துக்குக் கீழே, அருகிலிருந்த பாசன மோட்டார் நிறுத்தப்பட்டிருந்தபோது எடுத்த அளவுகள் என்று ஒரு வரி. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைச் சுட்டிக்காட்டி, நல்ல சோதனை என்று பாராட்டினார்.

"ஆனா ஒரு சந்தேகம். ஒரு விவசாயியோட மோட்டாரை எப்படி நிறுத்தினீங்க?"

"கேட்டேன் சார். நிறுத்தினாங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். எனக்கும் உதடு சிரிப்பது போல விரிந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பட்டம் கிடைத்துவிட்டது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டில் பஸ் மாறி, சன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, அந்தக் கழனி தெரிகிற இடத்தில் இறங்கிக்கொண்டு, மீதித் தூரத்தைச் சாலையோரமாக நடந்தேன்.